ஓமத்தில் எடுத்த மருந்தும் வெட்டாத கக்கூஸ் குழியும்

1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு புதுவிதமான கணக்கெடுப்பு நடந்தது. கொழுந்து நிறுக்கிற கணக்கு இல்லை, பேர் போடுகிற கணக்கும் இல்லை. லயத்து ஆட்களின் மலத்தைச் சின்னச் சின்ன டப்பாக்களில் வாங்கிப் போய் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். வந்தவர்கள் அமெரிக்காவின் ரொக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய ஆட்கள். தேடியது கொக்கிப் புழுவின் முட்டை. பார்த்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் அது இருந்தது.

மலையக வரலாறு என்று நாங்கள் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் 1948 வரும், 1964 வரும், சம்பளப் போராட்டம் வரும். பேசத்தான் வேணும். ஆனால் நம்ம சனத்தின் உடம்புக்குள்ளேயே நடந்த ஒரு வரலாறு இருக்கு. நூறு வருசத்துக்கும் மேலாக அது நடக்கிறது. அதில் மருந்து இருக்கு, பணம் இருக்கு, சட்டம் இருக்கு, உலகத்திலேயே பெரிய பணக்காரன் ஒருத்தனும் இருக்கிறான். கட்டாமலே விட்ட ஒரு பொருளும் இருக்கு. அது கக்கூஸ்.

அந்தச் சொல்லே வெளியில் இருந்து வந்ததுதான். டச்சுக்காரனின் 'கக்ஹௌஸ்' நம்ம வாயில் கக்கூஸ் ஆச்சு. சொல் வந்து சேர்ந்த வேகத்தில் சாமான் வந்து சேரவில்லை.

முதலில் புழுவைப் பார்ப்போம். ஊரில் வயித்துப் பூச்சி என்று எல்லாவற்றையும் ஒரே பேரில் சொல்லிவிடுவோம். நீளமாக, மண்புழு மாதிரி வெளியே வருகிறது நாக்குப் பூச்சி. பிள்ளைகளுக்கு ராத்திரியில் பின்பக்கம் அரிக்கிறது கீரிப் பூச்சி. கொக்கிப் புழு இந்த இரண்டும் இல்லை. அது ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும், வெளியே வந்து தன்னைக் காட்டிக்கொள்ளாது. சிறுகுடலின் சுவரைக் கவ்விப் பிடித்து இரத்தம் உறிஞ்சிக்கொண்டு வருசக்கணக்கில் அங்கேயே இருக்கும். பெண் புழு ஒரு நாளைக்குச் சில ஆயிரம் முட்டை போடும். அந்த முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்தால், ஈரமும் நிழலும் சூடும் இருந்தால், ஓரிரு நாளில் பொரிக்கும். அடுத்த ஒரு வாரம் பத்து நாளுக்குள் மனுசத் தோலைத் துளைக்கத் தயாரான குட்டிப் புழுவாகிவிடும். வெறுங்கால் ஒன்று அந்த மண்ணை மிதித்தால் போதும். விரலிடுக்கில் நுழைந்து, இரத்தக் குழாய் வழியாக நெஞ்சுக்குப் போய், சுவாசப்பையில் இருந்து தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலுக்கு இறங்கும்.

இது கதை மாதிரி இருக்கிறது என்று நினைத்தால், அந்தக் காலத்து டொக்டர்மாரும் அப்படித்தான் நினைத்தார்கள். புழுவை 1838இல் மிலான் நகரத்தில் டுபினி என்கிறவர் ஒரு பிணத்தை அறுத்தபோது கண்டார். 1880இல் சுவிட்சர்லாந்தின் கோத்தார்ட் மலையைக் குடைந்து ரயில் சுரங்கம் வெட்டிய கூலிகள் வெளுத்துப் போய் விழுந்தபோதுதான் அது ஒரு தொழிலாளர் நோய் என்று உலகத்துக்குப் புரிந்தது. ஆனால் எப்படி உள்ளே போகிறது என்பதில் எல்லோரும் தண்ணீரையும் சாப்பாட்டையும்தான் சந்தேகப்பட்டார்கள். 1898இல் கெய்ரோவில் லூஸ் என்கிற ஜெர்மன் விஞ்ஞானி, குட்டிப் புழு இருந்த தண்ணீரைத் தவறுதலாகத் தன் கையிலேயே கொட்டிக்கொண்டார். கை எரிந்து அரித்தது. கொஞ்ச நாளில் அவருடைய மலத்திலேயே முட்டை தெரிந்தது. தோல் வழியாகத்தான் போகிறது என்பதற்கு அவருடைய கையே சாட்சி.

அந்த எரிச்சலை நம்ம சனம் லூசுக்கு முன்னாலேயே அறிந்திருந்தது. மழைக்காலத்தில் கால் விரலிடுக்கில் அரித்து, கொப்பளித்து, புண்ணாகிறதை எல்லாம் சேற்றுப்புண் என்று ஒரே பேரில் சொல்லி, மஞ்சளை அரைத்துப் பூசி விட்டுவிட்டார்கள். எல்லாச் சேற்றுப்புண்ணும் புழு நுழைந்த புண் இல்லை. ஆனால் புழு நுழைந்த புண்ணும் பார்வைக்குச் சேற்றுப்புண் மாதிரித்தான் இருக்கும். வெளியில் ஒட்டுகிற அட்டையை உப்பு, சுண்ணாம்பு, சவர்க்காரம் என்று ஏதாவது வைத்து எடுத்துப் போடலாம். உள்ளே ஒட்டின அட்டைக்கு என்ன செய்வது?

ஒரு புழு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது, நம்ம பக்கத்தில் அதிகமாக இருக்கிற நெகாட்டர் இனமானால், 0.03 மில்லிலீட்டர் அளவு. ஒரு துளிகூட இல்லை. நூறு புழு இருந்தால் ஒரு நாளைக்கு 3 மில்லிலீட்டர், மாசத்துக்கு 90. நல்லாச் சாப்பிடுகிற ஆளுக்கு அந்த இரத்தம் திரும்ப ஊறிவிடும். அரிசியும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் மட்டும் சாப்பிடுகிறவளுக்கு, அதுவும் மாசம் தோறும் வேறு இரத்தம் போகிறவளுக்கு, வயித்தில் பிள்ளை இருக்கிறவளுக்கு, ஊறாது. கண்ணிமை வெளுக்கும், முகம் ஊதும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு செங்குத்தான மலையில் ஏறுகிற வேலையில் இந்த உடம்போடு ஒரு பொம்பளை என்ன செய்ய முடியும்? மெதுவாகத்தான் ஏறுவாள். அதைப் பார்த்த தொரை தன் புத்தகத்தில் சோம்பேறி என்று எழுதினான். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பருத்தி விளைவித்த ஏழை வெள்ளையர்களுக்கும் இதே நோய் இருந்தது. அங்கே 1902இல் பத்திரிகைகள் அந்தப் புழுவுக்குச் 'சோம்பேறிக் கிருமி' என்றே பட்டம் கட்டின. நோயாளிக்குச் சோம்பேறிப் பட்டம் கொடுக்கிறதில் கறுப்பு வெள்ளை வித்தியாசம் இல்லை, கூலிக்கு வேலை செய்தால் போதும் போல.

அந்தத் தென்மாநிலங்களில்தான் ரொக்பெல்லர் கதைக்குள் வருகிறார். மண்ணெண்ணெய் விற்றுப் பணக்காரரான ஜோன் டி. ரொக்பெல்லர் 1909இல் பத்து லட்சம் டொலர் கொடுத்து அங்கே கொக்கிப் புழு ஒழிப்பு வேலையை ஆரம்பித்து வைத்தார். 1913இல் அறக்கட்டளை உருவானது. உடனே அதன் சர்வதேச சுகாதாரப் பிரிவு உலகம் முழுக்கப் புழுத் தேடக் கிளம்பியது. அதன் தலைவர் விக்லிஃப் ரோஸ் 1914இல் எகிப்து, இலங்கை, மலாயா, பிலிப்பைன்ஸ் என்று சுற்றி வந்தார். பின்னால் கீழைநாடுகளுக்குப் பொறுப்பான விக்டர் ஹைசர் வந்தார். அவர்கள் கண்ணுக்கு இலங்கைத் தோட்டம் ஒரு கச்சிதமான இடம். லட்சக்கணக்கான ஆட்கள் வரிசை வரிசையாக லயத்தில் இருக்கிறார்கள், ஒவ்வொருத்தர் பேரும் செக்ரோலில் இருக்கு, விடிய முன்னமே தப்படித்து எழுப்பிப் பெரட்டுக்களத்தில் நிறுத்தினால் ஒரு தலை தப்பாது. மருந்து கொடுத்துக் கணக்குப் பார்க்க இதைவிட வசதி வேறு எங்கே கிடைக்கும்?

இதில் அறக்கட்டளைக்கு நல்ல எண்ணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வந்த டொக்டர்மார் உழைத்தார்கள். அவர்களுக்குப் புழுவைப் பற்றித் தெரிந்திருந்தது, அதைச் சொல்லியும் கொடுத்தார்கள். ஆனால் தோட்ட முதலாளிகளிடம் பேசும்போது அவர்கள் எடுத்த வாதம் ஒன்றுதான்: புழு போனால் கூலி கூடுதலாக வேலை செய்வான். ஆள் ஒருத்தன் எத்தனை கிலோ கொழுந்துக்குச் சமம் என்கிற கணக்கு. இலங்கையில் நடந்த இந்த வேலையைப் பற்றி சோம ஹேவா என்ற சமூகவியலாளர் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். இங்கிலீஷ் வாசிக்கிறவர்கள் தேடிப் பிடித்து வாசிக்கலாம்.

இனி மருந்துக்கு வருவோம். முதலில் கொடுத்தது தைமோல். பேர்தான் வெளிநாட்டுப் பேர், அது நம்ம ஓமத்தில் இருந்து எடுத்தது. பிள்ளைக்கு வயித்து வலி என்றால் அம்மாயி ஓமத்தண்ணி கொடுப்பாளே, அதே ஓமம். இந்தியாவில் விளைந்த ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், அங்கே ஆலையில் தைமோலாகி, உலகத்துக்கே விற்பனையாச்சு. 1914இல் யுத்தம் வந்ததும் ஜெர்மன் ஆலைகளின் வழி அடைபட்டது, தைமோல் விலை தாறுமாறாக ஏறியது. ஓமம் விளைகிற ஊரிலிருந்து வந்த சனத்துக்குக் கொடுக்க ஓமத்தின் சத்து கிடைக்கவில்லை! காலனித்துவ வர்த்தகம் எப்படி ஓடுச்சு என்று யாராவது கேட்டால் இந்த ஒரு உதாரணம் போதும்.

தைமோல் லேசான மருந்தும் இல்லை. முந்தின ராத்திரி பேதி உப்பு குடிக்கணும். பட்டினியாக இருந்து மருந்தை விழுங்கணும். பிறகு திரும்பவும் பேதி உப்பு. எண்ணெய், கொழுப்பு, சாராயம் எதையும் தொடக்கூடாது, தொட்டால் மருந்து குடலில் நிற்காமல் இரத்தத்தில் ஏறி ஆளை நஞ்சாக்கும். மருந்து குடித்த நாள் மலைக்குப் போக முடியாது. ஒரு தடவையில் புழு முழுக்கப் போகாது, திரும்பத் திரும்பக் குடிக்கணும். அடுத்து வந்தது கினோபோடியம் எண்ணெய், அமெரிக்காவில் ஒரு செடியின் விதையில் வடித்தது. விலை குறைவு, வேலை செய்யும், ஆனால் அளவு கொஞ்சம் கூடினால் தலை சுற்றும், காது அடைக்கும், ஆளே போய்ச் சேரலாம். பிள்ளைகளுக்கு ரொம்ப ஆபத்து. நோய் அவ்வளவு பரவியிருந்ததால் கொஞ்சக் காலத்தில் ஒவ்வொருத்தரையும் சோதித்துப் பார்க்கிறதை விட்டு, வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் மருந்து என்கிற முறைக்குப் போனார்கள்.

மூன்றாவது மருந்தின் கதையை இலங்கையில் இருக்கிற நாம் கட்டாயம் தெரிந்திருக்கணும். 1921இல் அமெரிக்காவில் மோரிஸ் ஹோல் என்கிறவர், கார்பன் டெட்ராகுளோரைடு கொக்கிப் புழுவைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார். துணிக்கறை எடுக்க அப்போது பாவித்த இரசாயனம் அது. மலிவு, ஒரே தடவையில் வேலை முடியும். ஆனால் ஈரலுக்கு என்ன செய்யும் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் மருந்து குடித்த ஆளின் ஈரலை வெட்டிப் பார்க்கணும். இலங்கையில் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்கு மருந்தைக் கொடுத்து, தூக்கில் போட்ட பிறகு உடலை அறுத்து ஈரலைப் பார்த்தார்கள். 1922, 1923 பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அது சாதாரண ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்தது. யாரும் அதை ஒளித்து வைக்கவில்லை, ஒளிக்க வேண்டிய விசயம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது. அந்தக் கைதிகள் யார், எந்த ஊர், என்ன குற்றம் என்பதெல்லாம் இப்போது கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை. அதே மருந்து அதற்குப் பிறகு பல நாடுகளில் லட்சக்கணக்கான ஆட்களின் வயித்துக்குள் போனது. ஈரலைக் கெடுக்கும் என்பதும் அந்த வழியில்தான் தெரிந்து, பின்னால் கைவிடப்பட்டது.

மருந்து இத்தனை மாறியும் அடிப்படைப் பிரச்சினை மாறவில்லை. புழு போன ஆள் மறுநாள் அதே வெறுங்காலோடு அதே மண்ணை மிதிக்கிறான். தேயிலைச் செடியின் அடியில் எப்போதும் ஈரம், எப்போதும் நிழல். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம், வரிசையாக ஒட்டிய லயத்தில் பல குடும்பம். ஒதுங்குகிறதுக்கு இடம் என்றால் தேயிலைக்குள், கானுக்குப் பக்கத்தில், ஓடைக்கரையில். ஆம்பளை எந்த நேரமும் போய்விடுவான். பொம்பளைகள் விடியமுன் இருட்டில் போய், பிறகு திரும்ப இருட்டும்வரை அடக்கிக்கொண்டு இருக்கணும். எல்லோரும் போகிற இடம் ஒன்றேதான் என்பதால் புழுவுக்கு வாசல் தேட வேண்டிய வேலையே இல்லை.

ரொக்பெல்லர் ஆட்களுக்கு இது நல்லாவே தெரியும். அமெரிக்காவில் அவர்கள் படித்த பாடமே கக்கூஸ் இல்லாமல் மருந்து வீண் என்பதுதான். முதலில் கக்கூஸ், பிறகு மருந்து என்பதுதான் அவர்கள் விரும்பிய ஒழுங்கு. கக்கூஸ் கட்டுகிற செலவு தோட்டத்தின் தலையில் விழும். மருந்தின் செலவில் அறக்கட்டளையும் அரசாங்கமும் பங்கு எடுக்கும். இப்படி இருந்தால் தோட்டக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று யோசிக்கப் பெரிய மூளை தேவையில்லை. மருந்துக்குச் சரி என்றார்கள், குழிக்குத் தயங்கினார்கள். கட்டின சில இடங்களிலும் பெரிய லயத்துக்கு எட்டாத தூரத்தில், கதவில்லாமல், தண்ணியில்லாமல் நாலு மறைப்பு. அதற்குள் போகச் சனம் கூச்சப்பட்டதும் 'கூலிக்குச் சுத்தம் தெரியாது, கட்டிக் கொடுத்தாலும் போகமாட்டான்' என்கிற முடிவு ரெடியாக இருந்தது. இந்த வாக்கியத்தை நான் வெவ்வேறு வடிவத்தில் இன்றைக்கும் கேட்டிருக்கிறேன், படித்தவர்கள் வாயிலேயே.

சட்டம் இல்லாமல் இல்லை. கோப்பிக் காலத்திலேயே 1872இல் மருத்துவத் தேவைகள் சட்டம் வந்தது. 1912இல் அது திருத்தி எழுதப்பட்டது, அதே வருசம் தொழிலாளர் நோய்கள் பற்றி இன்னொரு சட்டமும் வந்தது. லயத்தின் சுகாதாரத்துக்குத் தோட்டத்துத் தொரை பொறுப்பு என்று அதில் இருந்தது. பொறுப்பு யாருக்கு என்று எழுதுகிறதும் பொறுப்பைச் செய்ய வைக்கிறதும் இரண்டு வேலை.

இந்த இடத்தில் பழி எங்கே போச்சு என்று பார்க்கணும். அந்தக் காலத்து அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிற குரல் ஒன்று இருக்கு: புழுவை இந்தியக் கூலி தான் கொண்டுவந்தான். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓட ஆரம்பித்த பிறகு, வருகிற எல்லோரையும் மண்டபம் முகாமில் சில நாள் அடைத்து வைத்தார்கள். காலரா, அம்மை, பிளேக் பயத்தில் ஏற்பட்ட முகாம் அது. அங்கேயே புழு மருந்து கொடுக்கிற வழக்கமும் பின்னால் வந்தது. மண்டபம் என்றால் நம்ம முன்னோருக்கு ஞாபகம் வந்தது குளிப்பாட்டல், துணிகளை அவித்தல், ஊசி, மருந்து, ஆடு மாடு மாதிரி வரிசை. ஒரு சனத்தின் முதல் அறிமுகமே நோய் என்கிற பேரில் நடந்தது.

புழு கடல் தாண்டி வந்ததா என்றால், வந்திருக்கும். தென்னிந்தியாவில் கொக்கிப் புழு இல்லாமல் இல்லை. ஆனால் திருச்சியிலும் சேலத்திலும் புதுக்கோட்டையிலும் ராமநாதபுரத்திலும் வெயில் காய்கிற வறண்ட மண்ணில் குட்டிப் புழு ரொம்ப நாள் தாக்குப் பிடிக்காது. அங்கே ஒரு ஆளின் வயித்தில் நாலு, பத்து என்று இருந்தால் அது நோயே இல்லை, ஆளுக்கே தெரியாது. நோயாகிறது எண்ணிக்கை ஏறும்போது. எண்ணிக்கை ஏறுகிறது ஈர மண்ணில், நிழலில், ஒரே இடத்தில் நூறு பேர் ஒதுங்கி நூறு பேர் வெறுங்காலோடு மிதிக்கிற இடத்தில். புழுவின் விதையை வேண்டுமானால் கூலி கொண்டுவந்திருக்கலாம், பாத்தி கட்டித் தண்ணி ஊற்றினது தோட்டம்.

இன்னொன்றும் இருக்கு. இந்த வேலை தொடங்கிய மாத்தளை, கோப்பிக் காலத்தில் மன்னாரில் இருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்கள் மலைநாட்டைத் தொடுகிற வாசல். அந்தப் பாதையில் காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்து செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. செத்தவர்களை எண்ணாத பாதையின் முடிவில், அறுபது எழுபது வருசம் கழித்து, புழு முட்டையை நுண்ணோக்கி வைத்து எண்ணினார்கள். எண்ணினது நல்லதுதான். ஆனால் எது எண்ணப்படுது, எது எண்ணப்படாமல் போகுது என்று கவனிக்கிற பழக்கம் வரலாறு வாசிக்கிறவர்களுக்கு வேணும்.

1920களின் நடுவில் ரொக்பெல்லர் ஆட்களின் கவனம் திரும்பியது. ஒரு நோயை மட்டும் துரத்துகிறதை விட்டு, ஒரு பிரதேசத்துக்கே முழுச் சுகாதார நிலையம் என்கிற யோசனை வந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பமானது. மருத்துவிச்சி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பாடசாலைச் சோதனை, கிணறு, மலசலகூடம் எல்லாம் ஒரே குடையின் கீழ். இன்றைக்கு இலங்கையின் பொதுச் சுகாதாரத்தை உலகமே புகழுது என்றால் அதற்கு அத்திவாரம் அது. கிராமத்துக்கு அது வந்தது. தோட்டத்துக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியும் ஒரு மருந்தாளரும்தான், கொடுக்கிறது நிர்வாகம். நாட்டுக்கு ஒரு சுகாதாரம், தோட்டத்துக்கு வேறொரு சுகாதாரம் என்கிற பிரிவு அப்போது ஆழமானது. 1948இல் பிரஜாவுரிமை போன பிறகு அதைக் கேட்க வாக்கும் இல்லாமல் போச்சு. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமை ஆனபோதும், தோட்டத்து ஆஸ்பத்திரி தோட்டத்து ஆஸ்பத்திரியாகவே இருந்தது.

இனி நேரே 1992க்குப் போகலாம், ஏனென்றால் அந்த வருசம் திரும்பவும் மலத்தை வாங்கிச் சோதித்தார்கள். தோட்டங்கள் முழுவதையும் தழுவிய ஒரு ஆய்வு, 3 முதல் 12 வயது வரையான பிள்ளைகளையும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களையும் பார்த்தது. மண் வழியாகப் பரவுகிற குடற்புழுக்களில் ஏதாவது ஒன்றாவது இருந்தவர்கள் 90 வீதத்துக்கும் மேல். நாக்குப் பூச்சி, சாட்டைப் புழு, கொக்கிப் புழு மூன்றையும் சேர்த்த கணக்கு அது. 1916இல் பார்த்தது கொக்கிப் புழுவை மட்டும், ஆகவே இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து 'ஒன்றும் மாறவில்லை' என்று சொன்னால் அது சரியான ஒப்பீடு ஆகாது. ஆனாலும் 76 வருசம் கழித்து, இடையில் சுதந்திரமும் வந்து, விண்வெளிக்கு ஆளும் போய் வந்த பிறகு, பத்துக்கு ஒன்பது என்கிற எண் திரும்ப நம்ம லயத்தில் வந்து நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் நம்மில் பலருக்குத் தெரிந்த காலம். 1994இல் இருந்து 2005 வரை, வருசத்துக்கு இரண்டு தடவை, 3 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை. அந்த வருசங்களில் தோட்டப் பாடசாலையில் படித்தவர்களுக்கு வரிசையில் நின்று விழுங்கினது ஞாபகம் இருக்கும். தைமோலும் பேதி உப்பும் இல்லை, பட்டினி இல்லை, மயக்கம் இல்லை. மருந்து விசயத்தில் உலகம் உண்மையாகவே முன்னேறித்தான் இருக்கு. 2005இல் அது நின்றது. நிறுத்தி நாலு வருசம் கழித்து ஐந்து மாவட்டங்களில் 114 பாடசாலைகளில் 1890 பிள்ளைகளின் மலத்தைச் சோதித்தபோது 29 வீதத்தினருக்குப் புழு இருந்தது. 11.6 வீதத்தினருக்கு அது நடுத்தரம் அல்லது கடுமையான அளவில். 90இல் இருந்து 29 என்பது சின்ன விசயம் இல்லை. மாத்திரை வேலை செய்தது. ஆனால் மாத்திரையை நிறுத்தியும் புழு போகவில்லை என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கு.

அந்த ஆய்வில் கொட்டகலைக்காரர்களுக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. உயரம் குறைந்த தோட்டங்களில்தான் மூன்று வகைப் புழுவும் அதிகம், ஐந்தில் இரண்டு மாவட்டங்களில் கொக்கிப் புழு தென்படவே இல்லை. கொக்கிப் புழுவின் குட்டிக்குச் சூடு வேணும், 25, 30 பாகை இருந்தால் அதற்குச் சொகுசு. நாலாயிரம் அடிக்கு மேலே, பனியும் சாரலும் விறைப்புமாக இருக்கிற நம்ம மண் அதற்கு ஒத்து வராது. அதாவது நம்மைக் காப்பாற்றினதில் பெரிய பங்கு குளிருக்கு. இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை இறப்பர்த் தோட்டத்துச் சொந்தக்காரர்களுக்கு அந்தக் குளிரும் கிடையாது. நாக்குப் பூச்சியின் முட்டைக்குத் தடித்த ஓடு, அது குளிரைத் தாங்கும், கையிலும் கீரையிலும் தண்ணியிலும் வரும். கொட்டகலை ஓடைகள் கொத்மலை ஓயாவில் சேர்ந்து மகாவலிக்குப் போகின்றன. மேலே இருக்கிற டிவிசனின் கான் கீழே இருக்கிற டிவிசனின் பீலிக்கு மேலால்தான் ஓடும். மேல் கணக்கில் யார் ஒதுங்கினாலும் கீழ் கணக்குப் பிள்ளைதான் குடிக்குது.

ஆபத்தைக் கூட்டுகிற காரணங்களில் இன்னொன்றாக அந்த ஆய்வு சொன்னது தாயின் படிப்புக் குறைவு. இதை வாசித்தவுடன் 'பார்த்தீங்களா, படிக்காத அம்மா' என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 2009இல் பத்து வயதுப் பிள்ளைக்குத் தாயாக இருந்தவள் 1980களில் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியவள். அந்தக் காலத்தில் தோட்டப் பாடசாலை என்றால் ஒரே மண்டபம், பல இடங்களில் ஐந்தாம் வகுப்போடு முடிவு. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கினதே 1970களில்தான். அவள் படிக்கவில்லை என்பது அவளுடைய குணம் இல்லை. கொக்கிப் புழுவுக்கும் நாக்குப் பூச்சிக்கும் வீட்டு மலசலகூட வசதி மோசமாக இருப்பதும் காரணம் என்று அதே ஆய்வு சொல்லுது.

வீட்டு மலசலகூடம் என்று சொல்லும்போது, யாருடைய வீடு என்கிற கேள்வி வரும். லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், வாசல் தோட்டத்துக்குச் சொந்தம், பின்பக்கத்துத் தேயிலையும் தோட்டத்துக்குச் சொந்தம். பணம் சேர்த்து ஒரு குடும்பம் தானாகவே குழி வெட்ட நினைத்தாலும் நிர்வாகத்திடம் கேட்காமல் மண்வெட்டியை எடுக்க முடியாது. 1992க்குப் பிறகு தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் கையில் வந்தன, வீட்டுக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒரு நம்பிக்கை நிதியமும் உண்டாச்சு, மலசலகூடங்கள் நிறையவே கட்டப்பட்டன. ஏழு பேர்ச் வீடு கிடைத்த இடங்களில் வீட்டோடு மலசலகூடமும் கிடைத்தது. கிடைக்காத லயங்களில் நாலைந்து குடும்பத்துக்கு ஒன்று, அதன் குழி நிரம்பினால் மூடிவிட்டுப் புதிசு வெட்ட இடம் கேட்டு ஒபிசுக்குப் போகணும். தேயிலையைப் பிடுங்காமல் இடம் இல்லை, தேயிலையைப் பிடுங்க அனுமதி இல்லை.